தங்கையின் பெயர்

பிள்ளைகளே, சத்தம் போடாமல் இந்த யன்னலுக்குள் பாருங்கள். டொக்டர் அஞ்சலா கணினியின் முன் இருக்கிறாள். தலைமன்னார்க் கடலில் இறங்கும் வெயில் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. எழுந்து திரைச்சீலையை இழுக்க அவளுக்கு மனமில்லை. மீனவர்களுக்கு நேரும் கடற்பாம்புக் கடியைப் பற்றிய அவளுடைய ஆய்வுக் கட்டுரை முடிந்துவிட்டது. அதே கடியைப் பற்றித் தங்கை பிறின்சி முன்பே எழுதியதை உலகமெங்கும் நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. அஞ்சலா இதுவரை எழுதிய எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதினொன்று. அதிலும் மூன்று அவளே தன்னை மேற்கோள் காட்டிக்கொண்டவை. ஆதாரப் பட்டியலில் தங்கையின் பெயரை இடுகிறாள், அழிக்கிறாள், மறுபடி இடுகிறாள், அழிக்கிறாள். பக்கத்தில் தேநீர் ஆடை கட்டிக் கிடக்கிறது. கைபேசி அடிக்கிறது. கொழும்பிலிருந்து பிறின்சி.

"அக்கா, என்ர பேரையும் போட்டனீங்களோ?"

"உனக்கு இன்னும் காணாதோடி?"

"எல்லாரும் போட்டிட்டினம். நீங்கள் போடுற ஒண்டுதான் இன்னும் வரேல்லை."

அஞ்சலா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்புகிறாள். "போட்டனான்," என்கிறாள். சொன்ன பிறகுதான், ஒரு விரலால், எழுத்தெழுத்தாகத் தங்கையின் பெயரை இடுகிறாள். இந்த முறை அழிக்கவில்லை. அவளுடைய உதடு மட்டும் மெல்ல அசைகிறது: நானூற்றுப் பதின்மூன்று.