ரேடியோவை அணைத்தபோது

டிர்ர்ர்… டக். டிர்ர்ர்… டக்.

காலை பத்து மணி. போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி அவன் ஏசியை முறைத்தான். ஆஸ்பத்திரி லேபில் விடிய விடியக் கண்விழித்துவிட்டு வருபவனுக்கு, இழுத்துவிட்ட திரையும் இந்தக் குளிரும்தான் ராத்திரி.

ஒரு வாரமாகவே அப்படித்தான் கத்துகிறது என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. அன்றைக்கே சொன்னாளாம். அவன் "ம்" கொட்டிவிட்டுத் தூங்கிவிட்டானாம்.

மாடி வீட்டுக்காரர் ஒரு மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்தார். கழற்றிப் போடாமல், காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவாராம். அந்தக் காதுக்காகத்தான் இத்தனை வருஷமாக எல்லோரும் அவரைத் தேடிப் பிடித்துக் கூப்பிடுகிறார்கள். ஒரே தொல்லை, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வருவார். அவளுக்கு வாய் மூடாது.

"நாங்க ரேடியோன்னுதான் சொல்லுவோம்" என்றார் மாடி வீட்டுக்காரர்.

ரேடியோ படியேறும்போதே ஒலிபரப்பை ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் ஒருத்தன் காலை மிதித்தது, செருப்பு வார் அறுந்தது, எதிர்வீட்டுப் பூட்டு எத்தனை பெரிசு என்பது வரை. மெக்கானிக் பேசாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஏசியில் காதை வைத்தார்.

"இதென்னங்க, சீப்புப் பல்லுல நகத்தை ஓட்டுற மாதிரி டிர்ர்ருங்குது. அதுவும் இந்த இடது ஓரமா."

அவர் சலிப்போடு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது ஓரத்தைத் திறந்தார். உள்ளே சுழலும் உருளையில் மாத்திரை அட்டையின் கிழிசல் ஒன்று உரசிக்கொண்டிருந்தது. அலமாரி மேலிருந்து பறந்து போயிருக்க வேண்டும்.

அடுத்தது பால்கனியில் இருந்த வெளிப்பெட்டி. அங்கேயும் ரேடியோ நிற்கவில்லை. கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போகிற பிள்ளைகள் மாதிரி டக் டக்கென்கிறதாம், கீழே, கால் பக்கம். அவர் குனிந்து கால் பக்கத்து போல்டை முடுக்கினார். டக் நின்றது.

தூக்கம் கெட்ட எரிச்சல் அவனுக்கு மண்டைக்கு ஏறியிருந்தது. தொழில் செய்கிற மனுஷனை ஒரு நிமிஷம் நிம்மதியாக விடுகிறாளா இவள்?

"அக்கா, கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன். அவரு பாத்துக்குவாரு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். சேலை நுனியை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

மெக்கானிக் மிஷினை நிறுத்தினார். வெளிப்பெட்டியில் காதை வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் கேட்டார்.

அந்த அமைதியில் அவனுக்கே கேட்டது. செம்புக் குழாய் வந்து சேரும் இடத்தில், புஸ்ஸ்ஸ் என்று மெல்லிசாக, விடாமல். அறைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியும் கையை நிறுத்திவிட்டுப் பால்கனிப் பக்கம் பார்த்தாள்.

மெக்கானிக் கண்ணைத் திறந்தார். "முடிஞ்சது சார். இனிமே ஒரு சத்தமும் இல்ல."

மூடியை எடுத்துப் பொருத்தப் போனார்.

'என்னய்யா மெக்கானிக் நீ, காது கேக்குதா இல்லையா?' என்று அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்தது அங்கேயே நின்றது.

அவன் அந்த அக்காவைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை இல்லையென்பதுபோல மெதுவாக அசைத்தாள். சொல்லாதே என்று கெஞ்சுகிற அசைப்பு.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அக்கா, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே."

"ஒண்ணுமில்ல தம்பி." அவள் கணவருக்கு நேர் எதிரே வந்து நின்றுகொண்டாள். "இந்தக் குழாய் மூட்டுல, சைக்கிள் டியூப்புல முள்ளு குத்தின மாதிரி புஸ்ஸுங்குது. எனக்குத்தான் தோணுதோ என்னவோ."

"அதான், அதைத்தான் பாக்கப் போறேன். அதுக்குள்ள உனக்கு அவசரம்."

சோப்பு நுரையை எடுத்து மூட்டில் தடவினார். நுரை கொப்புளம் கொப்புளமாக உப்பியது. கேஸ் கசிவு. இரண்டு ஸ்பானர் போட்டு இறுக்கினார். தேர்ந்த கைதான். பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் அதற்கு யாரும் எதுவும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அவர் கை கழுவப் போனபோது அவள் பையில் சாமான்களை அடுக்கினாள். குரலே வெளியே வராமல் சொன்னாள்.

"வெளிய சொல்லிடாதீங்க தம்பி. காதை நம்பித்தான் கூப்பிடுறாங்க. போச்சுன்னு தெரிஞ்சா ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. எனக்குத் தெரியும்ங்கிறது அவருக்கே தெரியாது."

பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். இறங்கும்போதே பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி மெக்கானிக் வாசலில் தயங்கினார். பார்வை அவன் உதட்டிலேயே இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். கல்யாணமான நாள்லேர்ந்து நாலு வார்த்தை சேந்தாப்ல பேசாதவ. ரெண்டு வருஷமாத்தான் இப்படி. எங்கேர்ந்து வந்துச்சோ இந்தப் பேச்சு."

அவர் போன பிறகு அவன் கதவைச் சாத்திவிட்டு அறைக்குள் வந்தான். ஏசி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. படுக்கவில்லை. மனைவி மடிக்க எடுத்த பெரிய போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தச் சத்தம், முதல்ல என்னிக்குக் கேட்டுச்சு உனக்கு?"

அவள் அவனை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு போன திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்தாள். போர்வை இரண்டாக மடிந்தது, நாலாக மடிந்தது. அவன் அடுத்த துணியை எடுத்தான்.