விட்டுக்கொடு டாட் காம்

"ஒரு கே-தான்!"

"ரெண்டு கே!"

வெப்சைட் போட்டுக் கொடுக்க வந்த பொண்ணு லேப்டாப்ல இருந்து கையை எடுத்துட்டா. இந்த ஆபீசுக்கு இது நாலாவது நடை. கழுத்து வலி, கண் எரிச்சல், பேரு மட்டும் இன்னும் முடிவாகலை.

சாரும் மேடமும் புருஷன் பொண்டாட்டி. பிரியப்போற ஜோடிகளை உக்கார வச்சுப் பேசி, சேர்த்து வைக்கிறதுதான் ரெண்டு பேருக்கும் தொழில். இருபத்திரண்டு வருஷமா இதே வேலை.

'இல்லறம்', 'இணைந்திரு', 'நல்லகுடும்பம்' எல்லாத்தையும் எவனோ முன்னாடியே வாங்கிப் போட்டுட்டான். காலியாக் கிடைச்சது ஒண்ணே ஒண்ணு. 'விட்டுக்கொடு'.

அதை இங்கிலீஷ் எழுத்துல எப்படி எழுதறதுங்கறதுலதான் வந்தது வினை.

"விட்டு-க்-கொடு. நடுவுல 'க்' இருக்குல்ல? அது எங்க போச்சு? ஒற்று மிகும்ங்க!"

"உனக்கு ஒற்று மிகும், எனக்கு வாய் வலிக்கும். போன்ல கேட்டா நான்தானே சொல்லணும்? வி, ஐ, டபுள் டி, யூ, டபுள் கே... அந்தப் பக்கம் இருக்கறவன் ஏற்கெனவே அழுதுகிட்டிருப்பான். அவனைப் போய் டபுள் கே அடிடான்னு சொல்லணுமா?"

"டபுள் டி அடிக்கறவனுக்கு டபுள் கே அடிக்கறதுல என்ன கஷ்டம்?"

பொண்ணு மெல்ல வாயைத் திறந்தா. "சார், ரெண்டையுமே வாங்கிடலாம். எதை அடிச்சாலும் நம்ம பக்கத்துக்குத்தான் வரும்."

ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. அப்பாடான்னு அவ மூச்சு விடறதுக்குள்ள மேடம் கேட்டாங்க.

"வாசல் போர்டுல எது?"

"ஒரு கே."

"ரெண்டு கே."

போச்சுடா!

"இத்தனை வருஷத்துல நான் சொன்னது ஒண்ணாவது இந்த வீட்டுல நடந்திருக்கா?"

"நீ சொன்னதுதான் நடக்குது. நான்தான் நடக்க முடியாம உக்காந்திருக்கேன்."

வெளியில பெஞ்சுல ஒரு ஜோடி முக்கால் மணி நேரமாக் காத்துக்கிட்டிருந்தது. அவர் இந்தக் கோடி, அவ அந்தக் கோடி. நடுவுல மூணாவது ஆள் மாதிரி ஒரு ஃபைல். உள்ள வரும்போதே அந்த ஜோடியில பொண்டாட்டிக்காரி இவகிட்ட சொல்லியிருந்தா, "இன்னைக்குப் பேசிச் சரியாகலைன்னா நாளைக்குக் கையெழுத்துதாங்க."

இவளுக்கு மனசு கேக்கலை.

"மேடம், என் வேலை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அவங்களைக் கூப்பிடுங்களேன். பாவம்."

"இரும்மா. முதல்ல கே முடியட்டும்."

மானம் போகுதேன்னு கதவைச் சாத்தப் போனா.

"திறந்தே இருக்கட்டும்மா, புழுக்கமா இருக்கு"ன்னார் சார். சொல்லிட்டு, "பிடிச்சா ஒரே பிடி! உங்க அம்மா வீட்டு வளர்ப்பு!"ன்னு இன்னும் ஒரு கட்டை ஏத்திப் பிடிச்சார்.

"எங்க அம்மாவை ஏன் இழுக்கறீங்க? அவங்க கேட்டாங்களா கே?"

'இந்த லட்சணத்துல இவங்களுக்கு விட்டுக்கொடுன்னு கொட்டை எழுத்துல பக்கம் போட்டுத் தரணுமாம். தலையெழுத்து!' தண்ணி குடிக்கிற சாக்குல பொண்ணு வெளியில வந்தா.

பெஞ்சுல அந்தப் பொண்டாட்டி வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி... அய்யோ, அழறாளேன்னு இவ பதறிப் போய்க் கிட்டப் போனா.

அழலை. சிரிச்சுக்கிட்டிருந்தா.

புருஷன் எப்போ பெஞ்சு நடுவுக்கு நகர்ந்து வந்தாரோ தெரியலை. அவ காதுல, "டபுள் டி, டபுள் கே, டபுள் மாமியார்"ன்னு ஏதோ கிசுகிசுத்தார். அவர் தோள்ல ஒண்ணு வச்சா அவ.

"நம்ம பாத்ரூம் லைட் சண்டை எவ்வளவோ தேவலைல்ல?"

"லைட்டை அணைக்காம வர்றது நீங்க. அதையும் ஒத்துக்கங்க."

"சரி தாயே, ஒத்துக்கறேன்."

ரெண்டு பேரும் எழுந்தாங்க. "அக்கா, நாங்க கிளம்பறோம். உள்ள சொல்லிடுங்க"ன்னா அவ. புருஷன் போற போக்குல, "முதல்ல அவங்களை யாராவது சேர்த்து வைங்கக்கா"ன்னார்.

பொண்ணுக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. விறுவிறுன்னு உள்ள வந்தா.

"நல்லாக் கத்துங்க. நீங்க போட்ட சண்டையில அவங்க எழுந்தே போயிட்டாங்க!"

சட்டுனு சத்தம் நின்னுது.

மேடம் தணிஞ்ச குரல்ல கேட்டாங்க. "தனித்தனியாவா, சேர்ந்தா?"

"சேர்ந்துதான். அந்தம்மா பையைக்கூட அவர்தான் தூக்கிட்டுப் போறார். ஏன்?"

மேடம் அப்படியே நாற்காலியில சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டாங்க. சார் பிளாஸ்க்ல இருந்து வெந்நீர் ஊத்தி, முதல்ல அவங்ககிட்ட நீட்டினார். அவர் குரல் கம்மிப் போயிருந்தது.

"எத்தனை கே வேணும்னாலும் போட்டுக்கோம்மா. நேத்து வந்த ஜோடிக்கு ஜன்னல் திரைச்சீலை கலரை வச்சு ரெண்டு மணி நேரம் கத்த வேண்டியிருந்தது, இன்னைக்கு இவங்க ஒரே ஒரு கே-யில சேர்ந்துட்டாங்க!"