வாசல் பனி

"என்னங்க, ஒரு ஆள் நம்ம வீட்டையே போட்டோ எடுக்கிறான்!" மாடி ஜன்னலில் நின்று பதறினாள் வெல்டா.

குனார்ஸ் சோபாவை விட்டு அசையவில்லை. "எடுக்கட்டுமே. பனிக்காலத்துல ரிகாவுக்கு வர்றவன் பழைய கட்டடத்தை எடுக்காம என்னையா எடுப்பான்?"

"கேமராவை நம்ம வாசல் பனிக்கு நேராப் பிடிக்கிறானே! நகராட்சி ஆளா இருந்து, பனியை அள்ளலைன்னு அபராதம் போட்டுட்டா?"

பனியை அள்ளச் சொல்லி வெல்டா ஒரு வாரம் கெஞ்சியும் அசையாத குனார்ஸ், பூட்ஸை மாட்டிக்கொண்டு பாய்ந்தார். வியர்க்க வியர்க்கப் பனியை அள்ளி ஓரம் கட்டினார்.

"பாருங்க சார், சுத்தம்!"

கேமராக்காரர் விழித்தார். "நான் ஊர் சுத்திப் பார்க்க வந்தவன். காலையில கடைக்கு ரொட்டி வாங்க வந்த உங்க சம்சாரம்தான், 'எங்க வாசலை எடுங்க, காபி தர்றேன்'னாங்க."

குனார்ஸ் அண்ணாந்து பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் போட்டுட்டேன்," என்றாள் வெல்டா. "தைரியமா நடந்து வாங்க, வழுக்காது!"