ஏர் ஃபில்டர் பார்த்த வைத்தியம்

"இந்தப் புகைக்கும் மைலேஜுக்கும் இனி காயலான் கடைதான்" என்று டிரைவர் செங்கோடன் டீக்கடையில் யாரிடமோ சொன்னது, வெளியே நின்ற லாரியில் இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரின் காதில் விழுந்தது.

லாரி போனால் தானும் போக வேண்டியதுதான் என்று அது பதறிப்போய், அன்றே வைத்தியராகிவிட்டது. "கறுப்புப் புகைன்னா நாசில்தான். டீசலைத் தெளிக்கச் சொன்னா கொட்டுறான்" என்றது. மெக்கானிக்குக்கும் அதே எண்ணம் போலிருக்கிறது. நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். புகை குறையவில்லை. "அப்போ டீசல் பம்ப்தான்" என்றது ஏர் ஃபில்டர். பம்பையும் பார்த்தாயிற்று. புகை இன்னும் கறுத்தது.

பளபளவென்று திரும்பி வந்திருந்த நாசில் மெல்லக் கேட்டது: "அண்ணே, டீசல் எரியக் காத்து வேணாமா? நீங்க கடைசியா எப்போ தூசி தட்டிக்கிட்டீங்க?"

"இது தூசி இல்ல தம்பி, நாலு மாநிலத்து அனுபவம்."

சொல்லி முடித்ததும் அதற்கே சிரிப்பு வந்தது. சிரிக்கப் போக, மூச்சு முட்டி, மடிப்புகளிலிருந்து செம்மண் உதிர்ந்தது.

மறுநாள் காலை மெக்கானிக் சும்மா ஒரு பார்வை பார்க்கத்தான் அதன் மூடியைத் திறந்தார். எப்போதும் இறுகப் பிடித்துக்கொள்ளும் ஏர் ஃபில்டர், தானாகவே நழுவி அவர் கையில் விழுந்தது.