ஆட்சேபணை இருக்கா?

புறவழிச்சாலைக்கு எல்லாத் துறைகளையும் ஒரே கூட்டத்தில் சம்மதிக்க வைக்கச் சொல்லி, ஒருங்கிணைப்பு அதிகாரியை மேலிடம் படுத்தி எடுத்தது. காணொளிக் கூட்டத்துக்கு வந்தவை எட்டுத் துறைகள். திரையிலோ, அவருடையதைச் சேர்க்காமலே ஒன்பது கட்டங்கள். ஒன்று மட்டும் பெயரில்லாமல் இருட்டாகக் கிடந்தது.

"ஏரியை மூடித்தான் ரோடு வருது. யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

அவர் கேட்டதும் அந்தக் கட்டத்திலிருந்து தவளைகள் கத்தத் தொடங்கின.

"யாருப்பா அது, ஏரிக்கரையில உக்காந்து பேசறது?" என்று வனத்துறைக்காரர் சலித்துக்கொண்டார்.

"அங்க நம்மள்ல யாரு சார் போயிருக்கோம்?" என்று சிரித்தார் நீர்வளத்துறை அம்மா.

எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். அதிகாரி தன்னுடையதைத் தவிர அத்தனை மைக்குகளையும் அணைத்துவிட்டு மறுபடி கேட்டார். சத்தமே இல்லை. அனுமதி கொடுத்தாயிற்று.

சாலை திறந்த பிறகு, மழை பெய்த நாளிலெல்லாம் அவருக்கு மனசு உறுத்தியது. தவளைச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பார்.

இன்று வேறொரு திட்டம். திரையில் அதே இருட்டுக் கட்டம். அவர் மற்றவர்களின் மைக்குகளை அணைத்துவிட்டு அதை மட்டும் திறந்துவைத்தார்.

"சொல்லுங்க, கேக்கறேன்."

தவளைகள் கத்தவில்லை. லாரிகள் ஓடும் சத்தம்தான் வந்தது, தலைக்கு மேலே ஓடுவதுபோல.