கடலில் கரைத்த பெருங்காயம்

"இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கோங்க சகல" என்று கேப்டனின் தட்டில் மூன்றாம் முறையாகச் சிப்பிக் குழம்பைக் கவிழ்த்தார் சிப்பிக்காரர். சிப்பிக்காரர் தட்டில் வெறும் சோறுதான் இருந்தது. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

கேப்டன் என்பது பட்டப்பெயர். உல்லாசப் படகு ஓட்டிக்கொண்டு, சாப்பிடும்போதுகூட வெள்ளைத் தொப்பியைக் கழற்றாத மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? படகு மனைவி பெயரில் இருந்தது. தொப்பி மட்டும்தான் அவருக்குச் சொந்தம்.

கேப்டன் அக்காவைக் கட்டியவர், சிப்பிக்காரர் தங்கையைக் கட்டியவர். இருவரும் ஒரே விரிகுடாவில் பிழைப்பவர்கள். சிப்பிக்காரர் அங்கே கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கிறார். போன மாதம் அதில் சாக்கடைக் கிருமி இருக்கிறது என்று சுகாதார அதிகாரிகள் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

படகின் கக்கூஸ் தொட்டியைக் கரைக்குக் கொண்டுவந்து காலி செய்யாமல், கேப்டன் விரிகுடாவிலேயே திறந்துவிடுகிறார் என்று சிப்பிக்காரர் சொன்னார். கேப்டன் மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அதோடு விடாமல், "அப்படியே விட்டாத்தான் என்ன, கடல்ல கரைச்ச பெருங்காயம்தானே" என்று ஒரு சிரிப்பு வேறு.

அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. தினமும் போனில் ஒரு மணி நேரம் பேசியும் "மிச்சத்த நேர்ல சொல்றேன்" என்று வைப்பவர்கள் அவர்கள். பார்க்கவே பாவமாக இருந்தது.

இன்று தங்கைதான் இறங்கிவந்து விருந்துக்கு அழைத்தாள். அக்காவும் வீம்பை விட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய், தானே சிப்பி கழுவ உட்கார்ந்தாள். அவளுக்குச் சிப்பி ஆகாது, தொட்டால் பரவாயில்லை.

"என்னடி இது, விரலே மரத்துப் போகுது" என்றாள்.

"கடல் தண்ணி அப்படிக்கா" என்றாள் தங்கை, அடுப்பைப் பார்த்தபடி.

கேப்டன் விரலை நக்கிக்கொண்டு, இப்படி ஒரு சிப்பியை ஜென்மத்தில் சாப்பிட்டதில்லை என்று புகழ்ந்தார். எங்கே பிடித்தது என்றும் கேட்டுவைத்தார்.

"நம்ம சிப்பி எங்க வளருதுன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க போட்டு நிக்கிற இடத்துக்கு நேர் கீழ" என்றார் சிப்பிக்காரர். "பாவம், வாயில்லா ஜீவன். நாள் முழுக்கத் தண்ணிய வடிகட்டிக் குடிக்கும். தண்ணில என்ன வருதோ, அத்தனையும் அது வயித்துல இருக்கும்."

கேப்டனின் கை பாதி வழியில் நின்றது. முதல்முறையாகத் தொப்பியைக் கழற்றினார்.

"ஏங்க நிறுத்திட்டீங்க? நீங்கதான் அங்க ஒரு சொட்டுகூட விடலியே" என்றாள் அக்கா. அவள் நிஜமாகவே நம்பியிருந்தாள்.

முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம். சோறே வயிற்றைப் புரட்டும்போது எதை எங்கே மறைப்பது? கேப்டன் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்.

"டாக்டரக் கூப்பிடுங்க" என்று அங்கிருந்து முனகினார். "ஞாயித்துக்கெழம கல்யாண கோஷ்டி வந்துச்சு. மொத்தத் தொட்டியையும் அங்கதான் தெறந்துவிட்டேன். அதுக்கு முந்தின வாரமும் அங்கதான்."

அக்கா தன் தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். படகுச் சாவி இனிமேல் தன்னிடம்தான் இருக்கும் என்றும், நாளைக்கே அதிகாரிகளிடம் நடந்ததைச் சொல்லிவிடுவதாகவும் சொன்னாள்.

சிப்பிக்காரர் சட்டியை அருகில் இழுத்து, நிதானமாக ஒரு சிப்பியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பயப்படாம வாங்க சகல, இது கடையில வாங்கின ஐஸ் சிப்பி."