புது ரோட்டில் ஒரு பள்ளம்

புத்தம் புது ரோட்டைப் பட்டப்பகலில் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்த ஆளைப் பார்த்ததும் கார்ப்பரேஷன் இன்ஜினியர் மேடத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

யாரோ திருட்டுத்தனமாகக் குழாய் போடுகிறான் என்றுதான் போனில் சொன்னார்கள். இவரோ ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். இஸ்திரி போட்ட சட்டை, உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"என்ன சார் இது? புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

"ஆமாம்மா" என்றார், கடப்பாரையைக் கீழே போடாமல்.

மேடம் கத்தியதில் தப்பே இல்லை. தண்ணிக்காரர்கள் தோண்டி மூடினால் கரண்ட்காரர்கள் வருவார்கள், அவர்கள் போனால் கேபிள்காரர்கள். எல்லாரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, மல்லுக்கட்டி, ஒரே தடவையில் தோண்டவைத்து, கம்ப்யூட்டரில் தெருவுக்குப் பூட்டும் போட்டவர் அவர்தான். இனி அஞ்சு வருஷத்துக்கு இங்கே யாரும் கைவைக்க முடியாது.

"எங்க தெருவை மறுபடி எப்பத் தோண்டுவீங்கன்னு தினம் ஆபீசுக்குப் போன் பண்ணது நீங்கதானே? அஞ்சு வருஷம் நிம்மதியா இருங்கன்னு சொன்னேன்ல?"

"அதைக் கேட்டதிலேர்ந்துதான்மா எனக்குத் தூக்கம் போச்சு."

மேடம் திகைத்துப்போனார். வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "போலீசைக் கூப்பிடுங்க மேடம்" என்றார்.

"தாராளமாக் கூப்பிடுங்க. ஆனா இதை மூட இந்த ஏரியா மேஸ்திரிதானே வருவாரு? வேற ஆளை அனுப்பிடாதீங்க."

"கிளம்பி வந்துக்கிட்டிருக்கார். யார் வந்தா உங்களுக்கென்ன?"

மேனேஜர் தன் வீட்டு ஜன்னலைக் காட்டினார். ஜன்னலோரம் இழுத்துப்போட்ட கட்டிலில் ஒரு அம்மா, எழுந்து உட்காரத் தெம்பில்லாமல், ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி என் பையன்மா. காலேஜை விட்டுட்டு ரோடு வேலைக்குப் போறேன்னான். போனா என் வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். இன்னைவரைக்கும் மிதிக்கல. ரோட்டை மிதிக்காதேன்னு நான் சொல்லலையே. தெருவைத் தோண்டறப்பல்லாம் வருவான். இவ ஓடிப்போய்ப் பார்த்துப் பேசிட்டு வருவா. இப்பப் படுத்துட்டா, அது அவனுக்குத் தெரியாது. நாளை எண்ணிக்கிட்டிருக்கா. போய்க் கூப்பிட எனக்கு மூஞ்சி இல்லம்மா."

மேடம் மறுபடி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

பைக் வந்து நின்றது. மேஸ்திரி இறங்கினான். ரோட்டில் கிடந்த சில்லுகளைப் பார்த்தான், கடப்பாரை பிடித்திருந்த அப்பாவின் கையைப் பார்த்தான். அப்புறம்தான் ஜன்னல் கண்ணில் பட்டது. அம்மாவின் கை மெல்ல உயர்ந்தது.

ஆடிப்போய்விட்டான்.

மேடம் குனிந்து பள்ளத்தைப் பார்த்தார். "சின்னப் பள்ளம்தான். ஒரு சட்டி தார் போட்டா போதும். அரை மணி நேர வேலை, இல்லையா?"

மேஸ்திரி அப்பாவின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினான். ஓங்கி நாலு குத்து குத்தினான். ரோடு பாளம் பாளமாகப் பெயர்ந்தது.

"இல்ல மேடம்" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு மாசமாவது ஆகும்."